கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவன்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன். பழைய நாவல்களின் முடிவைச் சொல்லியிருக்கிறேன். புதிய புத்தகங்களில் பெரிய திருப்பங்களை உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.)

இந்த வாரம் கோடிங் இல்லை, இன்டர்வியூ டிப்ஸ் இல்லை. போன மூன்று மாதமாக, ஆபீஸ் வேலை முடிந்து ராத்திரி நான் படித்த சில புத்தகங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். எல்லாமே குயர் கதைகள். பால்புதுமையினர் என்று தமிழில் சொல்கிறோமே, அவர்களைப் பற்றியவை. கொஞ்சம் காதல் நாவல், கொஞ்சம் சரித்திர ஃபேன்டஸி, கொஞ்சம் காமிக்ஸ்.

ஏன் திடீர்னு இது? ஒரு நண்பனுக்காக. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். பேர், ஊர் மட்டும் கிடையாது.

2018 செப்டம்பர் 6. நாங்கள் இன்ஜினியரிங் கடைசி வருடம். அன்றைக்குத்தான் உச்ச நீதிமன்றம் 377-ஆவது பிரிவைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. வயது வந்த இரண்டு பேர், ஒரே பாலினமாக இருந்தாலும், சம்மதத்தோடு சேர்ந்திருப்பது இனிமேல் குற்றம் இல்லை. ஹாஸ்டல் மெஸ் டிவியில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்தோம், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ராத்திரி மொட்டை மாடியில் அவன் சொன்னான்: "மச்சி, அந்த நியூஸ் என்னைப் பத்தினதுடா."

நான் "சரிடா"ன்னு சொன்னேன். அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஏதாவது உருப்படியாகச் செய்யணும்னு தோன்றியது. என்னிடம் 'புரோக்பேக் மவுன்டன்' படம் இருந்தது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அருமையான படம்தான், ஆஸ்கர் வாங்கிய படம். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே படமும் அதுதான். மறுநாள் காலையில் பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "நான் உன்கிட்ட என் வாழ்க்கையைச் சொன்னேன். நீ எனக்கு சாவு வீட்டைக் காட்டுற."

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். இந்த மாதிரி புத்தகம் எது கிடைத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பான். ரெண்டு பேரும் உயிரோடு இருந்தால்தான் முதல் பக்கத்துக்குப் போவான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் போன் பண்ணினான். "வீட்ல பொண்ணு பார்க்க ஆரம்பிச்சுட்டாங்கடா." அறிவுரை எதுவும் கேட்கவில்லை. "படிக்க ஏதாவது சொல்லு. இந்தத் தடவை ஒழுங்கா சொல்லு." அவ்வளவுதான் கேட்டான். அப்படித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

சாவு எங்கிருந்து வந்தது?

முதலில் என்னைக் குடைந்த கேள்வி இது. இந்தக் கதைகளில் ஏன் எப்பவும் ஒருத்தர் செத்துப்போகிறார்? வாழ்க்கை அப்படித்தான் இருந்தது, அதனால் கதையும் அப்படி இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி வேற.

ஈ.எம். ஃபார்ஸ்டர் தெரியும் இல்லையா, 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதியவர். 1913, 14-லேயே 'மாரிஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். ஒரு ஸ்டாக் புரோக்கருக்கும் ஒரு பண்ணையின் வேட்டைக் காவலாளுக்கும் இடையிலான காதல். கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த முடிவுதான் பிரச்சினையே. அன்றைய இங்கிலாந்தில் அது ஜெயிலுக்கு அனுப்பும் குற்றம். ஆஸ்கர் வைல்டு 1895-இல் தண்டனை வாங்கியது அதற்குத்தான். ரெண்டு பேரில் ஒருத்தன் தூக்கில் தொங்குவதாக எழுதியிருந்தால் புத்தகத்தை வெளியிட்டிருக்கலாம், சந்தோஷமாக முடித்ததால்தான் முடியவில்லை என்ற பொருளில் ஃபார்ஸ்டரே பின்னாளில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். சட்டம் 1967-இல் மாறியது. ஃபார்ஸ்டர் 1970-இல் இறந்தார். நாவல் 1971-இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு நல்ல முடிவு பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. நம்ம ஊர் 377-உம் அதே பிரிட்டிஷார் 1860-இல் எழுதிவைத்ததுதான்.

அடுத்தது அமெரிக்கா, 1952. மரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' எழுதுகிறார். ரெண்டு கல்லூரிப் பெண்களின் காதல், மலிவு விலை பேப்பர்பேக். எடிட்டர் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: முடிவு சந்தோஷமாக இருக்கக் கூடாது. காரணம் ஒழுக்கம்கூட இல்லை, தபால் ஆபீஸ்! புத்தகங்கள் தபாலில் போகணும். இந்த உறவை நல்லதாகக் காட்டினால் ஆபாசம் என்று தபால் அதிகாரிகள் பிடித்துவைக்கலாம். அதனால் கதையில் ஒருத்தி மனநிலை பிறழ்கிறாள், இன்னொருத்தி அது காதலே இல்லை என்கிறாள். புத்தகம் பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. இதைப் படித்த எத்தனை பெண்கள், நமக்கும் இதுதான் விதி போல என்று நினைத்திருப்பார்கள்! அவர்கள் படித்தது ஒரு தபால் விதியை.

அதே 1952-இல் பட்ரிசியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற பெயரில் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' எழுதினார். 'கேரல்' என்று 2015-இல் படமாக வந்ததே, அந்தக் கதை. அதில் கேரல் தன் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமையை இழக்கிறாள். ஆனால் கடைசியில் ரெண்டு பெண்களும் ஒருத்தரையொருத்தர் தேடி வருகிறார்கள். பேப்பர்பேக் வந்ததும் வாசகர்களிடமிருந்து கடிதம் கடிதமாக வந்ததாம். ஹைஸ்மித் தன் சொந்தப் பெயரைப் போட 1990 ஆனது.

எங்க தொழிலில் ஒரு வார்த்தை உண்டு, ஹார்ட்கோட். யாரோ ஒருத்தர் அன்றைய கட்டாயத்துக்காக ஒரு எண்ணைக் கோடுக்குள் நேரடியாக எழுதிவைத்துவிடுவார். பத்து வருடம் கழித்து வருகிறவன், இது இப்படித்தான் இருக்கணும் போல என்று கை வைக்காமல் விட்டுவிடுவான். சாவு வீட்டு முடிவும் அப்படிப்பட்டதுதான்.

காதல் நாவல்: முடிவு ஒரு வாக்குறுதி

இப்போது ரொமான்ஸ் என்ற வகைக்கு வருவோம். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும், முடிவு முன்னாடியே தெரியுமே" என்று நம்மில் பலர் இளக்காரமாகப் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் முடிவு முன்னாடியே தெரிவதுதான் அந்த வகையின் இலக்கணம். மையத்தில் ஒரு காதல் இருக்கணும், முடிவு நம்பிக்கை தரணும். இந்த ரெண்டும் இல்லையென்றால் அது ரொமான்ஸ் இல்லை. வாசகர்கள் இதற்கு 'ஹெச்.இ.ஏ.' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 'என்றென்றும் சந்தோஷமாக' என்பதன் சுருக்கம்.

கேஸி மெக்விஸ்டன் 2019-இல் எழுதிய 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' இந்த வகையில் பெரிய ஹிட். அமெரிக்காவின் பெண் ஜனாதிபதியுடைய மகனுக்கும் இங்கிலாந்து இளவரசனுக்கும் காதல். நம்பவே முடியாத செட்டப், நம்ம மசாலாப் படம் மாதிரி. சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஒரு விஷயம் மட்டும் நிறுத்தியது. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பும் மின்னஞ்சல்களில், பழைய மனிதர்களின் காதல் கடிதங்களிலிருந்து வரிகளை எடுத்துச் சேர்க்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் தன் நண்பர் ஜான் லாரன்ஸுக்கு எழுதியதெல்லாம் வருகிறது. எங்களுக்கு முன்னாலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று அந்தப் பையன்கள் தங்களுக்கே ஆதாரம் சேர்த்துக்கொள்கிறார்கள். மசாலாவுக்கு நடுவில் அது ஒரு உண்மையான ஏக்கம்.

நல்ல முடிவு என்றால் கல்யாணம்தானே என்று கேட்பீர்கள். நம்ம நாட்டில் அந்தக் கதவு திறக்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியில்லை என்று சொன்னது. எனக்கு அது ஒரு நாவலாசிரியர் யோசிக்கிற மாதிரி பட்டது. கல்யாண மண்டபம் இல்லாமல் ஒரு நல்ல முடிவை எப்படி எழுதுவது?

சரித்திர ஃபேன்டஸி: முடிவை மாற்ற முடியாது, ஆளை மாற்றலாம்

சரித்திரக் கதையில் வேறொரு சிக்கல். முடிவு நடந்து முடிந்துவிட்டது. அதை யாராலும் மாற்ற முடியாது. அப்போது எழுத்தாளர் எங்கே கை வைப்பார்? பதிவில் இருக்கிற இடைவெளியில்.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது சரித்திரம். நந்தினி கல்கியின் கற்பனை. கொலை எப்படி நடந்தது, எதற்காக என்று தெளிவாகத் தெரியாத இடத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த இடைவெளி அவ்வளவு பெரிசு.

ஷெல்லி பார்க்கர்-சான் 2021-இல் எழுதிய 'ஷி ஹூ பிகேம் த சன்' அதே வேலையைச் சீனாவில் செய்கிறது. சரித்திரம் இதுதான். 14-ஆம் நூற்றாண்டு, மங்கோலியர் ஆட்சி. ஜு யுவான்ஜாங் என்ற ஏழை விவசாயி மகன் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் குடும்பத்தை இழந்து, ஒரு புத்த மடத்தில் சேர்ந்து, பிறகு செந்தலைப்பாகைக் கலகப் படையில் இணைந்து, 1368-இல் மிங் வம்சத்தை நிறுவிப் பேரரசர் ஆகிறார்.

நாவல் கேட்கிற கேள்வி: அந்த ஆள் ஒரு பெண்ணாக இருந்திருந்தால்? கதையில் ஒரு ஜோசியர் அண்ணனுக்குப் பெரும் புகழ் என்கிறார். தங்கைக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். அண்ணன் செத்துப்போகிறான். தங்கை அவன் பெயரை எடுத்துக்கொண்டு, அவன் விதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஆணாக மடத்து வாசலில் போய் நிற்கிறாள். பேர் மாறியது வானத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. பின்னால் மா என்ற பெண்ணை மணக்கிறாள். மா பேரரசியும் சரித்திரத்தில் உண்மையாக இருந்தவர். நாவலில் மா எல்லாம் தெரிந்தே கைபிடிக்கிறாள்.

எதிர்த்தரப்பில் ஓயாங் என்று ஒரு தளபதி. சின்ன வயதில் அவன் குடும்பத்தையே மங்கோலியர்கள் அழித்துவிட்டு, அவனை மட்டும் விதையடித்து உயிரோடு விட்டார்கள். இப்போது அதே குடும்பத்தின் மகன் எசெனுக்குப் பக்கத்தில் நின்று போர் செய்கிறான். எசென்மீது அவனுக்கு இருக்கும் அன்பும் உண்மை, பழிவாங்கும் கடமையும் உண்மை.

என் நண்பனுக்கு நான் இந்தப் புத்தகத்தைச் சொன்னதற்குக் காரணம் இந்த ரெண்டு பேர்தான். ஜுவிடம் "உனக்கு ஒன்றும் இல்லை" என்று முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அவள் ஏற்கவில்லை. ஓயாங்குக்குத் தன் முடிவு இதுதான் என்று தானே நிச்சயம், அதனால் அதை நோக்கி நேராக நடக்கிறான். அவனைத் தடுக்க வெளியே யாரும் வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர்களுக்கு ஓயாங் ஒரு எச்சரிக்கை.

காமிக்ஸ்: முத்திரை போன பிறகு

காமிக்ஸ் என்றால் எனக்குச் சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி. அதில் இப்படியொரு விஷயம் வரும் என்று யோசித்ததே இல்லை. அமெரிக்க காமிக்ஸில் வராமல் போனதற்கு எழுத்தில் காரணம் இருக்கிறது. 1954-இல் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் இருப்பதுகூட அவருக்கு உறுத்தியது. அரசு தலையிடுவதற்கு முன்னால் பதிப்பாளர்களே 'காமிக்ஸ் கோட்' என்று ஒரு விதித் தொகுப்பைப் போட்டுக்கொண்டார்கள். அதன்படி தன்பாலீர்ப்பை மறைமுகமாகக் கூடக் காட்டக் கூடாது. அட்டையில் அந்த முத்திரை இல்லையென்றால் விநியோகஸ்தர்கள் எடுக்க மாட்டார்கள். அங்கே தபால் ஆபீஸ், இங்கே விநியோகஸ்தர். அந்த விதி 1989-இல்தான் தளர்ந்தது. நம்ம ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் கிடைக்குமே ஆர்ச்சி, அதில் கெவின் கெல்லர் என்ற 'கே' பையன் 2010-இல் வந்தான். அடுத்த வருடம் ஆர்ச்சி அந்த முத்திரையையே விட்டுவிட்டது.

ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' 2016-இல் இணையத்தில் ஆரம்பித்தது. முத்திரையும் இல்லை, விநியோகஸ்தரும் இல்லை. வரைந்து நேராக வாசகருக்கு. இங்கிலாந்துப் பள்ளியில் சார்லி, நிக் என்று ரெண்டு பையன்கள். ஒரு மெசேஜை டைப் பண்ணுவது, அழிப்பது, மறுபடி டைப் பண்ணுவது, இதற்கே பல கட்டங்கள். அந்த மௌனத்தைப் படமாகத்தான் காட்ட முடியும். எல்லாம் சர்க்கரைப் பாகு என்று நினைக்காதீர்கள். சார்லிக்கு உணவுக் கோளாறு வருகிறது, சிகிச்சைக்குப் போகிறான். நிக்கால் காதலைக் கொண்டு அதைக் குணப்படுத்த முடியாது, கூட இருக்க மட்டும்தான் முடியும். இரண்டாம் பாகத்தில் நிக் தன் அம்மாவிடம் சொல்லும் இடம் இருக்கிறது. என் நண்பன் அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னான்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது இன்னொன்று. கெங்கோரோ தாகமே ஜப்பானில் 2014-லிருந்து 2017 வரை எழுதி வரைந்த 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்'. 2018-இல் ஐஸ்னர் விருது வாங்கியது. யாயிச்சி என்ற தகப்பன், சின்ன மகள் கானாவோடு தனியாக வாழ்கிறான். ஒருநாள் கனடாவிலிருந்து மைக் என்று ஒரு ஆஜானுபாகுவான ஆள் வந்து வாசலில் நிற்கிறான். யாயிச்சியின் இறந்துபோன இரட்டைச் சகோதரனுடைய கணவன். கானா "எனக்கு ஒரு மாமா இருக்காரா!" என்கிற மாதிரி குதிக்கிறாள். யாயிச்சிக்குத்தான் தர்மசங்கடம். அவன் மனசுக்குள் என்ன நினைக்கிறான் என்பது ஒரு கட்டத்தில், வெளியே நாகரிகமாக என்ன செய்கிறான் என்பது அடுத்த கட்டத்தில். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார் தாகமே.

சகோதரன் தன்னைப் பற்றிச் சொன்னபோது யாயிச்சி சண்டை போடவில்லை, திட்டவில்லை. பேசாமல் விட்டுவிட்டான், அவ்வளவுதான். அந்தப் பேசாமல் விட்டதிலேயே ரெண்டு பேரும் விலகிப்போனார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மொட்டை மாடியில் "சரிடா"ன்னு சொன்னேனே, அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் நான் அவனிடம் ஒரு தடவைகூட "யாரையாவது பிடிச்சிருக்காடா?" என்று கேட்டதில்லை. எங்க கேங்கில் மற்ற எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன், கேட்டுக் கலாய்த்திருக்கிறேன். அவனிடம் மட்டும் மரியாதையாக, பேசாமல் இருந்தேன். அதைப் பெருந்தன்மை என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போ சோகக் கதையே கூடாதா?

கூடும். அலிசன் பெக்டெல் 2006-இல் வெளியிட்ட 'ஃபன் ஹோம்' என்ற காமிக்ஸ் வடிவத் தன்வரலாறு இருக்கிறது. தலைப்பிலேயே சாவு வீடு. 'ஃபன்' என்பது ஃபியூனரல் என்பதன் சுருக்கம், அவர் குடும்பம் இறுதிச் சடங்கு நிலையம் நடத்தியது. தன் அப்பாவும் மறைந்து வாழ்ந்த ஒருவர்தான் என்பது பெக்டெலுக்கு அவர் சாவதற்குச் சற்று முன்புதான் தெரியவருகிறது. கனமான புத்தகம். ஆனால் அந்த முடிவை எந்த அதிகாரியும் கேட்டு வாங்கவில்லை. அவருடைய உண்மை அது, அவரே எழுதினார். சோகமா சந்தோஷமா என்பது இல்லை விஷயம், முடிவை எழுதியது யார் என்பதுதான். நல்ல முடிவையும் எழுத அனுமதி இருந்தால்தான் சோக முடிவுக்கே அர்த்தம் வரும்.

சரி, நண்பன் கதைக்கு வருகிறேன். லிஸ்ட் அனுப்பினேன். வழக்கம்போல எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். 'ஹார்ட்ஸ்டாப்பர்' மட்டும் தொடராக வந்துகொண்டிருக்கும்போது படித்ததால் மாட்டிக்கொண்டான். "மச்சி, கடைசிப் பக்கத்தை இன்னும் வரையவே இல்லைடா" என்று மெசேஜ். "அப்போ எல்லாரையும் மாதிரி முதல்ல இருந்து படி" என்று பதில் போட்டேன்.

தாகமே புத்தகத்தை அவன் அக்காவிடம் கொடுத்திருக்கிறான். "ஜப்பான் காமிக்ஸ், நல்லா இருக்கும்" என்று மட்டும் சொல்லி. அக்கா ரெண்டு நாளில் முடித்துவிட்டு, சமையல் அறையில் நின்றபடி கேட்டிருக்கிறார்: "ஏன்டா, இவன் கூடப் பொறந்தவன்கிட்ட கடைசி வரைக்கும் ஒழுங்கா ஒரு வார்த்தை பேசவே இல்லையா?"

அன்றைக்கு ராத்திரி அவன் அக்காவிடம் பேசினான். என்ன பேசினார்கள் என்பது அவர்கள் விஷயம். பொண்ணு பார்ப்பது நின்றதா என்றால், இன்னும் இல்லை. அம்மா அப்பாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். அந்த வீட்டில் இப்போது ஒருத்தருக்குத் தெரியும். போன மாதம் வரை யாருக்குமே தெரியாது.

நானும் ஒரு வேலை செய்தேன். போன் பண்ணிக் கேட்டேன்: "யாரையாவது பிடிச்சிருக்காடா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான். "இதைக் கேட்க உனக்கு இவ்வளவு வருஷம் ஆச்சா?" அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினான்.

அவ்வளவுதான் மக்களே. இந்த வகையில் உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது என்று எழுதி அனுப்புங்கள், தமிழில் இருந்தால் ரொம்ப சந்தோஷம். கடைசியில் என்ன ஆகிறது என்று மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.